ஒரு பறவையின் வீழ்ச்சியும் பல துறைகளின் ஆராய்ச்சியும்

சுற்றுப்புறச் சூழலைப் பற்றிய பிரச்சினை எதுவாயினும், அது ஒரே கல்வித் துறையின் எல்லைக்குள் அடங்கி நிற்பதில்லை. ஏரி ஒன்று தூர்ந்து போகுமாயின், அதன் காரணம் மண்ணியலில் தொடங்கும். அதனால் விளையும் நட்டம் பொருளாதாரத்தைச் சேரும். அதற்குரிய பரிகாரமோ சட்டத்திலும் மக்களின் பழக்கவழக்கங்களிலும் தங்கியிருக்கும். ஆனால் நம் கல்லூரிகளில் இத்துறைகள் யாவும் தனித்தனிக் கட்டடங்களில் இயங்கி வருகின்றன. ஒரு கட்டடத்தில் கற்றதை அடுத்த கட்டடத்திற்கு எடுத்துச் செல்லும் பழக்கம் மாணவர்களுக்கு எளிதில் உண்டாவதில்லை.

1991-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுற்றுப்புறச் சூழலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கட்டாயப் பாடமாகக் கற்பிக்க வேண்டுமென்று பணித்தது. அதனை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு, இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், எல்லாத் துறையைச் சேர்ந்த இளநிலைப் பட்ட மாணவர்களுக்கும் பொதுவானதொரு பாடத் திட்டத்தை வகுத்தது. 2023-ஆம் ஆண்டில் வெளியான புதிய வழிகாட்டு நெறிகளிலும் கள ஆய்வுக்கு இடம் அளிக்கப்பட்டுள்ளது. ஆகவே, வரலாறு பயில்பவரும் வணிகவியல் பயில்பவரும், பௌதிகமும் இரசாயனமும் பயில்பவரோடு ஒருங்கே இப்பாடத்தைக் கற்றல் வேண்டும். எனினும், பல இடங்களில் இது தேர்வுக்கு முன்னர் மனப்பாடம் செய்யப்படும் சில வரையறைகளாகச் சுருங்கி விடுகின்றது. ஒவ்வொரு துறையும் ஒரே பிரச்சினையில் தனக்குரிய பங்கை எவ்வாறு ஆற்றுகின்றது என்பதை மாணவர் கண்ணாரக் காண்பதற்கு, நன்கு ஆராயப்பட்ட ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வதே சிறந்த வழியாகும்.

அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்தேறியுள்ளது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் இருந்த பாறு என்னும் பறவை, ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குள் அழிவின் விளிம்பை எட்டியது. அதன் காரணத்தைக் கண்டறிந்த வரலாற்றை ஈண்டுத் துறைவாரியாக விளக்குவோம்.

1. பறவையும் அதன் தொழிலும்

தமிழில் கழுகு என்னும் சொல் பொதுவழக்கில் இரு வேறு வகைப் பறவைகளைக் குறிக்கின்றது. உயிருள்ள இரையைப் பிடித்து உண்பது ஒன்று; இறந்த விலங்குகளின் உடலை உண்பது மற்றொன்று. பின்னதையே பாறு என்றும் பிணந்தின்னிக் கழுகு என்றும் வழங்குகிறோம். திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் உணவு பெற வந்த பறவைகள் மஞ்சள்முகப் பாறு என்னும் சிறிய இனத்தைச் சேர்ந்தவை. இப்பாடத்தில் நாம் முக்கியமாகக் கருதுவது வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, மெல்லிய அலகுடைய பாறு ஆகிய மூன்று பெரிய இனங்களையே ஆகும்.

இவை வேட்டையாடுவதில்லை. உயரத்தில் வட்டமிட்டுக் கூரிய பார்வையால் சடலத்தைக் கண்டுபிடித்துக் கூட்டமாக இறங்கும். பெரிய கூட்டம் ஒன்று இறந்த மாட்டின் தசை முழுவதையும் ஒரு மணி நேரத்திற்குள் தின்று தீர்த்து, எலும்பை மட்டும் விட்டுச் செல்லும். அவற்றின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிக வலியது. ஆதலால் அழுகிய இறைச்சியிலுள்ள நோய்க் கிருமிகள் அவற்றிற்கு எளிதில் தீங்கு செய்வதில்லை. கால்நடைச் செல்வம் மிகுந்ததும், மாட்டிறைச்சியைப் பெரும்பாலோர் உண்ணாததுமான நம் நாட்டில், இறந்த மாடுகளை அப்புறப்படுத்தும் வேலையை இப்பறவைகள் கூலியின்றிச் செய்து வந்தன.

இவற்றின் இனப்பெருக்கம் மந்தமானது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஓர் இணை ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடும் பருவத்தை அடையச் சுமார் 5 ஆண்டுகள் ஆகும். ஆகவே, முதிர்ந்த பறவைகள் நெடுங்காலம் வாழ்ந்தாலன்றி இவ்வினம் நிலைபெறாது.

2. விலங்கியல்: எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

இராஜஸ்தானத்தில் பரத்பூருக்கு அருகேயுள்ள கேவலதேவ் தேசியப் பூங்காவில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் என்னும் பறவையியலார் 1980-களில் பாறுகளின் கூடுகளைக் கணக்கெடுத்திருந்தார். அக்காலத்தில் அங்கு நூற்றுக்கணக்கான கூடுகள் இருந்தன. 1990-களின் பிற்பகுதியில் அவர் மீண்டும் கணக்கெடுத்தபோது கூடுகள் பெரிதும் குறைந்திருந்தன. மரக்கிளைகளில் தலை தொங்கிய நிலையில் நோயுற்ற பறவைகளும், மரத்தடியில் இறந்த பறவைகளும் காணப்பட்டன. அப்பத்தாண்டு முடிவதற்குள் வெண்முதுகுப் பாறு அப்பூங்காவில் கூடு கட்டுவதே நின்று போயிற்று.

ஓரிடத்தில் நேர்ந்தது நாடு முழுவதும் நேர்ந்ததாகுமா என்பது அடுத்த வினா. சாலை வழியே வாகனத்திற் சென்று, குறித்த தூரத்திற்கு எத்தனை பறவைகள் என்று எண்ணும் முறை 1990-களின் தொடக்கத்தில் வட இந்தியாவில் கையாளப்பட்டிருந்தது. அதே சாலைகளில் பின்னரும் பன்முறை எண்ணப்பட்டது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99.9 பங்கு குறைந்துவிட்டதென்றும், ஏனைய இரண்டு இனங்களும் சேர்ந்து நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கு குறைந்துவிட்டன என்றும் அதனால் தெரிய வந்தது. அதாவது, ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்றே எஞ்சியது.

இங்கு மாணவர் அறிய வேண்டியது யாதெனில், முதற் கணக்கு இல்லாவிடில் இரண்டாம் கணக்கிற்குப் பொருளே இராது என்பதாகும். பறவைகள் மிகுந்திருந்த காலத்தில், எவ்விதக் கவலையுமின்றி எண்ணி எழுதி வைத்த குறிப்பே பின்னர் பேராபத்தை அளந்தறியும் கோலாயிற்று.

3. நோய்க்குறியியல்: இறந்த உடல் கூறிய செய்தி

குறைவு உறுதியானபின், காரணம் பற்றிப் பல கருத்துகள் எழுந்தன. உணவுப் பற்றாக்குறை என்றனர் சிலர். ஆனால் சடலங்கள் எங்கும் மிகுதியாகவே கிடந்தன. பூச்சிக்கொல்லி மருந்து என்றனர் வேறு சிலர். புதியதொரு தொற்றுநோய்க் கிருமி பரவி வருகிறதென்ற கருத்தே ஆராய்ச்சியாளரிடையே ஓங்கி நின்றது. தலை தொங்குவதும், கூட்டங் கூட்டமாக இறப்பதும், நாடு விட்டு நாடு பரவுவதும் அக்கருத்திற்கு இடமளித்தன.

அதே காலத்தில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்திலும் பாறுகள் மடிந்து வந்தன. அங்கு லிண்ட்சே ஓக்ஸ் என்னும் கால்நடை நோயியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இறந்த பறவைகளை அறுத்துச் சோதித்தனர். பெரும்பாலானவற்றின் உள்ளுறுப்புகளின் மேல் வெண்ணிறச் சுண்ணாம்பு பூசினாற் போன்ற படிவு காணப்பட்டது. அது யூரிக் அமிலப் படிவு. பறவைகள் தம் உடற் கழிவை யூரிக் அமிலமாகச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற்றுவன. சிறுநீரகம் பழுதுற்றால் அவ்வமிலம் இரத்தத்தில் மிகுந்து உறுப்புகளின் மேல் படியும். ஆகவே, பறவைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன என்பது தெளிவாயிற்று. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? கிருமிகளைத் தேடினர், கிட்டவில்லை. பூச்சிக்கொல்லிகளையும் நச்சு உலோகங்களையும் தேடினர்; அவையும் காரணமாகத் தோன்றவில்லை.

4. இரசாயனமும் விசாரணையும்: மருந்துக் கடையில் கிடைத்த விடை

இவ்விடத்தில் ஆராய்ச்சி தன் போக்கை மாற்றிக்கொண்டது. பாறு தின்பது இறந்த மாடுகளையே. அம்மாடுகளுள் பல, இறப்பதற்கு முன் சிகிச்சை பெற்றவை. எனவே, மாடுகளுக்கு எம்மருந்துகள் தரப்படுகின்றன என்று கால்நடை மருத்துவர்களையும் மருந்து விற்பவர்களையும் ஆராய்ச்சியாளர் விசாரித்தனர். வாய்வழி உட்சென்றாலும் இரத்தத்தில் கலக்கக்கூடியதும், சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதும், அண்மையில் பரவலாக வழக்கிற்கு வந்ததுமான மருந்து எது என்பதே அவர்களுடைய வினா. டைக்ளோபெனாக் என்னும் மருந்து இம்மூன்று நிபந்தனைகளுக்கும் பொருந்தியது. இது மனிதருக்கு மூட்டுவலிக்கும் வீக்கத்திற்கும் நெடுநாளாகப் பயன்பட்டு வந்த மருந்து. 1990-களில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின், நொண்டும் மாட்டிற்கும் மடிவீக்கங் கண்ட பசுவிற்கும் காய்ச்சலுற்ற எருமைக்கும் இதனை ஊசி மூலம் செலுத்துவது வழக்கமாயிற்று.

இரசாயனப் பகுப்பாய்வு ஐயத்தை அகற்றியது. யூரிக் அமிலப் படிவோடு இறந்த 25 பறவைகளின் சிறுநீரகங்களைச் சோதித்தபோது, 25-லும் டைக்ளோபெனாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 பறவைகளைச் சோதித்தபோது, ஒன்றிலேனும் அது இல்லை. பின்னர், மருந்து கொடுக்கப்பட்ட எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சியைச் சில பறவைகளுக்கு உண்ணக் கொடுத்தனர். அவற்றுள் இறந்தவற்றின் உடலிலும் அதே வெண்படிவு காணப்பட்டது. இம்முடிவு 2004-ஆம் ஆண்டு ஜனவரியில் நேச்சர் என்னும் விஞ்ஞான இதழில் வெளியாயிற்று. இந்தியாவிலும் நேபாளத்திலும் திரட்டிய மாதிரிகளும் அதே ஆண்டில் இம்முடிவை உறுதிப்படுத்தின.

ஆசிரியர்கள் இப்பகுதியைச் சற்று விரிவாக நடத்துதல் நலம். உயர்ந்த கருவிகள் செய்த பணி பெரிதே. ஆயினும், எதனைத் தேட வேண்டுமென்று கருவிக்குச் சொல்லியது மருந்துக் கடைக்காரரிடம் நடத்திய எளிய விசாரணையேயாகும். சமூகவியல் மாணவர் பழகும் வினா முறையும், இரசாயன மாணவர் பழகும் பகுப்பாய்வு முறையும் ஒன்றையொன்று நிறைவு செய்ததற்கு இது நல்ல சான்று.

5. கணிதம்: சிறு நஞ்சு பெருங்கேடு விளைத்தல்

இம்முடிவிற்கு ஒரு தடை கூறப்பட்டது. இறக்கும் எல்லா மாடுகளுக்கும் இம்மருந்து கொடுக்கப்படுவதில்லை. கொடுக்கப்பட்ட மாடும் பிழைத்துவிட்டால், சில நாட்களில் மருந்து அதன் உடலினின்று நீங்கிவிடும். மருந்து செலுத்திய ஓரிரு நாட்களில் இறக்கும் மாட்டின் உடலே நஞ்சாகும். அத்தகைய சடலங்கள் மிகச் சில. அச்சிலவற்றால் கோடிக்கணக்கான பறவைகள் அழியக்கூடுமோ?

விடை கணிதத்திற் கிடைத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ரிஸ் கிரீன் என்பவரும் அவருடன் உழைத்தவரும் கணக்கிட்டு, 130 சடலங்களுக்கு ஒன்று முதல் 760 சடலங்களுக்கு ஒன்று வரை நஞ்சுடையதாக இருந்தாலே காணப்பட்ட வீழ்ச்சி நேரும் என்று 2004-இல் காட்டினர். இதன் உட்பொருளை உயர்நிலைப் பள்ளி மாணவரும் உணருமாறு ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு பாறு மூன்று நாளைக்கு ஒரு முறை வயிறார உண்பதாகக் கொள்வோம். ஆண்டிற்கு ஏறத்தாழ 120 வேளை ஆகும். 200 சடலங்களில் ஒன்று மட்டும் கொல்லும் அளவு நஞ்சுடையது என்று கொள்வோம். ஒரு வேளை உண்டபின் பிழைத்திருக்கும் வாய்ப்பு 200-இல் 199. ஆண்டு முழுதும் பிழைத்திருக்கும் வாய்ப்பைக் காண, 199/200 என்னும் பின்னத்தை 120 முறை எழுதிப் பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.55. அதாவது, 100 பறவைகளில் ஆண்டின் இறுதியில் 55 எஞ்சும். பிறப்பையும் வேறு காரணங்களால் நேரும் இறப்பையும் விட்டுவிட்டு இதே கணக்கை நீட்டினால், 5 ஆண்டுகளின் முடிவில் ஏறத்தாழ 5 பறவைகளே மிஞ்சும். 500 சடலங்களில் ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், முதலாண்டு முடிவில் 79-உம் ஐந்தாம் ஆண்டு முடிவில் 30-உம் எஞ்சுவதைக் காணலாம்.

ஆண்டிற்கு ஒரு முட்டையிடும் இனம் இந்த நட்டத்தை ஈடு செய்ய இயலாது. அன்றியும், ஒரு சடலத்தில் பல பறவைகள் கூடி உண்பதால் ஒரு மாட்டின் நஞ்சு ஒரு கூட்டத்தையே சாய்த்துவிடும். சடலங்களின் ஈரலைச் சோதித்ததில், இந்தியாவில் தடைக்கு முன்னர் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்தில் இம்மருந்து காணப்பட்டது. சிறிதளவு மருந்து உள்ள சடலமெல்லாம் கொல்லும் சடலமன்று. எனினும், தேவையான அளவிற்கு மேலாகவே நஞ்சு நாட்டில் பரவியிருந்தது என்பதற்கு ஐயமில்லை.

6. மருந்தியல்: மாற்றுத் தேடல்

மாட்டின் வலியைத் தணிக்கும் மருந்தைக் கைவிடுமாறு மட்டும் உழவரிடம் கூறுவது பயனற்றது. உழவருக்கு மாடே மூலதனம். அதன் துன்பம் அவருடைய துன்பம். ஆகவே, பறவைக்குத் தீங்கிழைக்காத வலிநீக்கி ஒன்றைக் காட்டியாக வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவிலும், பின்னர் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் ஒத்துழைப்புடன் நம் நாட்டிலும் நடத்திய சோதனைகளில், மெலாக்சிகாம் என்னும் மருந்து பாறுகளுக்குத் தீங்கற்றதெனத் தெரிந்தது. இது மாட்டிற்கும் நற்பயன் தருவது. டால்பெனமிக் அமிலம் என்பதும் பாதுகாப்பானதெனப் பின்னர் அறியப்பட்டது.

இதற்கு மாறாக, கீட்டோபுரோபென் என்னும் மருந்தும் பாறுகளைக் கொல்வது தெரிய வந்தது. அசிகுளோபெனாக் என்பது மாட்டின் உடலுக்குள் சென்றதும் டைக்ளோபெனாக்காகவே மாறிவிடுகின்றது. பெயர் வேறாயினும் விளைவு ஒன்றே. பெட்டியின் மேலுள்ள பெயரைக் காண்பதோடு நில்லாமல், பொருள் உடலினுள் எவ்வாறு மாற்றமடைகின்றது என்பதையும் ஆராய வேண்டும் என்னும் பாடத்தை இதைக் கொண்டு இரசாயன ஆசிரியர் கற்பிக்கலாம்.

7. பொருளாதாரமும் பொதுச் சுகாதாரமும்

பறவை மறைந்தால் மனிதனுக்கு என்ன நட்டம் என்று கேட்போர் உண்டு. தின்பாரற்றுக் கிடந்த சடலங்கள் நாய்களுக்கும் எலிகளுக்கும் உணவாயின. நாய்கள் பெருகின், நாய்க்கடியும் வெறிநோயும் பெருகும். அழுகிய சடலங்கள் நீர்நிலைகளிற் சேர்ந்து குடிநீரைக் கெடுக்கும்.

ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் இதனை அளக்க முற்பட்டனர். முன்பு பாறுகள் மிகுதியாக வாழ்ந்த ஜில்லாக்கள் ஒருபுறம். இயற்கையாகவே அவை குறைவாயிருந்த ஜில்லாக்கள் மறுபுறம். மருந்து பரவுவதற்கு முன்னும் பின்னும் இவ்விருவகை ஜில்லாக்களின் மரண விகிதங்களை அவர்கள் ஒப்பிட்டனர். முன்னர் ஒத்த போக்கில் சென்ற இரு வகைகளும் பின்னர் பிரிந்தன. பாறுகளை இழந்த ஜில்லாக்களில் மரண விகிதம் நூற்றுக்கு நான்கு பங்கிற்கு மேல் உயர்ந்திருந்தது. 2000 முதல் 2005 வரையுள்ள காலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் உயிர்கள் இக்காரணத்தால் கூடுதலாக இழக்கப்பட்டன என்பது அவர்களுடைய மதிப்பீடு. இது 2024-ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் வெளியாயிற்று.

இவ்வெண் தனித்தனியே எண்ணியறிந்த தொகையன்று. புள்ளியியல் முறையால் உய்த்தறிந்த மதிப்பீடு என்பதை ஆசிரியர் மாணவருக்குத் தெளிவாகக் கூற வேண்டும். இறந்த எவருடைய மரணச் சான்றிலும் பாறு இல்லாமை காரணம் என்று எழுதப்பட்டிராது. தனி மனிதரிடம் காண முடியாத காரணத்தை, பெருந்தொகையான மக்களை ஒப்பிட்டுக் காண்பதே புள்ளியியலின் பணியாகும்.

8. சமூகமும் சமயமும்

இறந்த மாட்டின் தோலை உரித்து விற்பவரும், எலும்பைச் சேகரித்து விற்பவரும் நாட்டில் உளர். பாறுகள் தசையை நீக்கிவிட்டமையால் எலும்பு சேகரிப்போர் வேலை எளிதாயிருந்தது. பறவை மறைந்தபின், அழுகும் சடலமே அவர்களுக்கு எஞ்சியது. ஏழையினும் ஏழையான இவர்களுடைய நட்டம் எந்த வரவு செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பார்சி சமூகத்தார் நெருப்பு, நீர், நிலம் ஆகியவற்றைத் தூயனவாகப் போற்றுபவர். ஆகலின் இறந்தோர் உடலை எரிப்பதோ புதைப்பதோ அவர்கள் மரபன்று. மௌன கோபுரங்களில் வைத்துப் பறவைகளுக்கு அளிப்பதே அவர்களது பண்டை வழக்கம். பம்பாய் நகரில் மலபார் குன்றின் மேலுள்ள கோபுரங்களுக்குப் பாறுகள் வாராது போனபின், சூரிய ஒளியைக் குவிக்கும் கருவிகளை அங்கு அமைக்க நேர்ந்தது. ஒரு மருந்தின் விலைக் குறைவு ஒரு சமூகத்தின் இறுதிச் சடங்கை மாற்றிவிட்டது. வரலாறும் சமயமும் பயிலும் மாணவருக்கு இது சிந்தனைக்குரிய செய்தி.

9. சட்டம்

1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம் தீங்கு பயக்கும் மருந்துகளைத் தடை செய்ய மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கின்றது. கால்நடை உபயோகத்திற்கான டைக்ளோபெனாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. 2008-இல் அரசிதழ் அறிவிக்கையும் வெளியாயிற்று. நேபாளமும் பாகிஸ்தானும் இதே காலத்தில் தடை விதித்தன.

ஆயினும், மனிதருக்கென விற்கப்பட்ட பெரிய குப்பிகளை மாட்டிற்குப் பயன்படுத்தும் வழக்கம் தொடர்ந்தது. மனிதருக்கு ஒரு முறை தேவைப்படுவது 3 மில்லி லிட்டர்; கடைகளிலோ 30 மில்லி லிட்டர் குப்பிகளும் கிடைத்தன. ஆதலால் ஊசி மருந்துக் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டருக்கு மேற்படலாகாதென 2015-இல் விதிக்கப்பட்டது. அதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. கீட்டோபுரோபென், அசிகுளோபெனாக் ஆகிய இரண்டையும் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2023-இலும், நிமிசுலைடு என்பதைப் பயன்படுத்துவது 2024-ஆம் ஆண்டு இறுதியிலும் தடை செய்யப்பட்டன.

தடையின் பயன் யாது? தடைக்குப்பின் இரண்டொரு ஆண்டுகளில், மருந்து காணப்பட்ட சடலங்கள் நூற்றுக்குப் பத்தினின்று ஆறு அல்லது ஏழாகக் குறைந்தன. பறவைகளின் வீழ்ச்சி வேகமும் தணிந்தது. ஆயினும், இழந்த தொகை மீளவில்லை. ஹரியானாவில் பிஞ்சோர், மேற்கு வங்காளத்தில் ராஜாபத்காவா, அஸ்ஸாமில் ராணி, மத்தியப் பிரதேசத்தில் போபால் ஆகிய இடங்களில் இனப்பெருக்க நிலையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. 2020 முதல் அங்கு வளர்ந்த பறவைகளுள் சில வெளியிலும் விடப்பட்டு வருகின்றன. தென்னிந்தியாவில் நீலகிரியை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு சிறு தொகுதி இன்னும் வாழ்கின்றது.

10. இதனால் அறிவது

மேற்கூறிய துறைகளுள் எதுவும் தனித்து இவ்வினாவிற்கு விடை கண்டிராது. விலங்கியலார் பறவை குறைகிறதென்று கூறக்கூடும்; ஏன் என்று கூற இயலாது. நோயியலார் சிறுநீரகம் கெட்டதென்று கூறக்கூடும். எதனால் என்று கூற, இரசாயனமும் மருந்துக் கடை விசாரணையும் வேண்டும். அது போதுமான காரணமா என்பதைக் கணிதம் கூறும். என் செய்வது என்பதை மருந்தியலும் சட்டமும் கூறும். செய்யாவிடில் யாருக்கு நட்டம் என்பதைப் பொருளாதாரமும் சமூகவியலும் கூறும். ஒரு துறையின் விடையே அடுத்த துறையின் வினாவாக அமைவதைக் காண்க.

பிழைபட்ட கருத்துகளையும் மறைக்கலாகாது. தொற்றுநோயென்ற எண்ணம் சில ஆண்டுகள் ஆராய்ச்சியை வேறு திசையில் செலுத்தியது. அவ்வெண்ணம் கொண்டோர் அறிவிற் குறைந்தவரல்லர். தாம் பழகிய துறையில் விடையைத் தேடினர், அவ்வளவே. கேடு தெரிந்த நாள் முதல் தடை வந்த நாள் வரை ஏறத்தாழ 10 ஆண்டுகள் கழிந்தன. துறைகள் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று கலந்து பேசியிருப்பின் இக்காலம் குறைந்திருக்கலாம்.

11. வகுப்பில் நடத்தும் முறை

இப்பாடத்தை நான்கு வகுப்புகளாகப் பிரித்து நடத்தலாம்.

முதல் வகுப்பில், கூடுகள் குறைந்த செய்தியை மட்டும் கூறி, காரணங்களை மாணவரே ஊகிக்கச் செய்க. ஊகங்கள் அனைத்தையும் கரும்பலகையில் எழுதுக. எதனையும் தவறென்று ஒதுக்கற்க.

இரண்டாம் வகுப்பில், மாணவரைத் துறைவாரியாகச் சிறு குழுக்களாக்கி, ஒவ்வொரு ஊகத்தையும் சோதிக்க எவ்வகைச் சான்று வேண்டுமெனக் கேட்க. அதன்பின் 25, 13 என்னும் எண்களைக் கொடுத்து, 13 பறவைகளைச் சோதிக்காமல் 25-ஐ மட்டும் சோதித்திருந்தால் முடிவு எத்துணை வலுவுடையதாயிருக்கும் என்று வினவுக.

மூன்றாம் வகுப்பில், 120 வேளைக் கணக்கை மாணவரே செய்தல் வேண்டும். 130-க்கு ஒன்று, 760-க்கு ஒன்று என்னும் அளவுகளுக்கும் செய்து வரைபடம் எழுதுக.

நான்காம் வகுப்பில், உழவர், மருந்து விற்பவர், கால்நடை மருத்துவர், வன இலாகா ஊழியர், எலும்பு சேகரிப்பவர் ஆகியோர் நிலையில் மாணவர் நின்று, தடையைப் பற்றித் தத்தம் கருத்தைக் கூறி விவாதிக்கலாம்.

12. கள ஊழியர்கள் கவனிக்க வேண்டியவை

(அ) கால்நடைகளுக்கு வலிநீக்கி தேவைப்படும்போது, மெலாக்சிகாம் போன்ற பாதுகாப்பான மருந்தைக் கால்நடை மருத்துவரின் யோசனைப்படி பெறுமாறு உழவருக்குக் கூறுக. மனிதருக்கான ஊசி மருந்தை மாட்டிற்குச் செலுத்துவது தவறென்பதை விளக்குக.

(ஆ) சிகிச்சையின்போதோ அதனை அடுத்தோ இறந்த விலங்கின் உடலைத் திறந்த வெளியில் இடாமல் ஆழப் புதைக்கச் செய்க.

(இ) சடலத்தில் பூச்சிக்கொல்லி தடவி நாய்களையோ காட்டு விலங்குகளையோ கொல்ல முயலும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அது பாறுகளையும் கொல்லும் என்பதை எடுத்துரைத்துத் தடுக்க முயல்க.

(ஈ) இறந்த அல்லது நோயுற்ற பாறு காணப்பட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். எடுத்துச் செல்லவும் முயலாதீர்கள். இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்ந்த பறவை. இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வன இலாகாவிற்கு உடனே தெரிவிக்கவும்.

(உ) உயிருள்ள பாறுகளையும் கூடுகளையும் கண்டால், எண்ணிக்கையை நாட்குறிப்பில் எழுதி வைக்கவும். ஒன்றுமே காணப்படாத நாளையும் அவ்வாறே குறிக்கவும்.

கடைசியாகக் கூறியதே எல்லாவற்றிலும் எளியது. பலரால் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. கேவலதேவில் முதற் கணக்கு எடுக்கப்பட்டபோது அதன் பயனை எவரும் அறிந்திலர். இன்று நம் ஊரில் ஏராளமாயிருப்பதால் எவரும் எண்ணாத பறவையோ, மீனோ, மரமோ எதுவென்று ஒவ்வொரு ஊழியரும் ஆசிரியரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதனை எண்ணத் தொடங்குவதற்கு மேலதிகாரியின் உத்தரவு வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் தவறாத பழக்கமும் போதும்.

பயிற்சி வினாக்கள்

1. பாறுகள் குறைந்ததற்கு உணவுப் பற்றாக்குறை காரணமன்று என்று எவ்வாறு முடிவு செய்யப்பட்டது?

2. ஆண்டிற்குப் பல குஞ்சுகள் பொரிக்கும் பறவையினத்திற்கு இதே நஞ்சு நேர்ந்திருந்தால் விளைவு எவ்வாறு வேறுபட்டிருக்கும்?

3. குப்பியின் அளவைக் குறைப்பது எவ்வாறு ஒரு பறவையைக் காக்கும்? விளக்குக.

4. மரண விகிதத்தை ஒப்பிட்ட ஆய்வில், பாறுகள் குறைவாக வாழ்ந்த ஜில்லாக்களையும் சேர்த்துக்கொண்டது ஏன்?

5. உங்கள் ஊரிலுள்ள சுற்றுப்புறச் சூழல் பிரச்சினை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை ஆராய எத்துறைகள் எந்த வரிசையில் பணியாற்ற வேண்டும் என்று எழுதுக.